குளச்சலில் இருந்து கன்னியாகுமரி வரை ஓடினோம், லண்டன் பிள்ளைகளுக்காக

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மணக்குடிப் பாலத்தில் நின்று பேசுகிறேன். இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் கடல். 2025 ஏப்ரல் 27 அன்று நாங்கள் ஓடிய காணொளிக்குக் கீழே இன்றைக்கும் ஒரே கேள்விதான் வருகிறது. "ஓடினா எப்படிப் பணம் வரும்? நேரா காசைக் கொடுத்துட்டுப் போகலாமே?" பதிலை இங்கே வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஏன் இங்கே என்பது போகப் போகத் தெரியும்.

என் சித்தப்பா மகன் லண்டனில் நர்ஸ். எனக்குத் தம்பி முறை. அவனுக்கு 2025 லண்டன் மாரத்தானில் ஓட இடம் கிடைத்தது. அது சாதாரண விஷயம் இல்லை. அதற்கு அடுத்த 2026 ஓட்டத்துக்குக் குலுக்கலில் 11 லட்சத்துக்கும் மேலான பேர் விண்ணப்பித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்குக் குலுக்கலில் விழவில்லை. ஒரு அறக்கட்டளை வழியாகப் போனான். அங்கே அறக்கட்டளைகள் கையில் கொஞ்சம் இடங்கள் இருக்கும். அந்த இடத்தில் ஓடுகிறவர் இவ்வளவு பணம் திரட்டித் தருவேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் 2,000 பவுண்டு அளவில் கேட்பார்கள், இவனுக்கும் அதேதான். தீராத நோயுள்ள குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்துக்கான பணம் அது. அந்த மாதிரி இல்லங்களின் செலவில் பெரும்பகுதி பொதுமக்கள் தரும் நன்கொடையில்தான் நடக்கிறது.

இரண்டு மாதம் கேட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "அண்ணா, கேட்கவே கூச்சமா இருக்கு" என்றான். எனக்கு அது ரொம்பப் புரிந்தது. கடன் கேட்பதைவிட நன்கொடை கேட்பது கஷ்டம்.

சரி, இப்போது ஓட்டத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல். காவி கட்டி, கையில் விசிறியோடு "கோவிந்தா கோபாலா" என்று கூட்டமாகப் போவார்கள். வழியில் இருக்கிற வீட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? மோர், சுக்குத் தண்ணீர், கஞ்சி என்று எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். யாரும் அவர்களிடம் போய்க் கேட்பதில்லை. ஒருவர் உடம்பை வருத்திக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தால் கை தானாக நீளும். நிதி திரட்டும் ஓட்டமும் இப்படித்தான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

கனடாவில் டெர்ரி ஃபாக்ஸ் என்று ஒரு பையன். எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்தவர். 1980இல் செயற்கைக் காலோடு நாட்டைக் குறுக்கே ஓடிக் கடக்கக் கிளம்பினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவி நிறுத்திவிட்டது. நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் என்பதுதான் அவர் கேட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தக் கணக்கு நிறைந்தது. இறக்கும்போது வயது 22. அந்தப் பையன் வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் அது நடந்திருக்குமா?

அதனால் தம்பி ஓடும் அதே நாளில் நாமும் இங்கே ஓடுவோம் என்று முடிவெடுத்தோம். 14 பேர் சேர்ந்தோம். அதில் இரண்டு பேர் சின்னமுட்டத்துப் பையன்கள். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி அவர்கள் படகு கரையில் நின்றது, அதனால் பயிற்சிக்கு ஒரு நாள் தவறாமல் வந்தார்கள்.

மாரத்தான் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். ஆளுக்கு மூன்று கிலோமீட்டர் போட்டால் 14 பேருக்கு 42 சரியாக வந்துவிட்டது. மிச்சம் 195 மீட்டரை எல்லோரும் சேர்ந்து ஓடலாம் என்று வைத்துக்கொண்டோம். குளச்சல், மண்டைக்காடு, முட்டம், ராஜாக்கமங்கலம், மணக்குடி, கன்னியாகுமரி என்று பாதை. நேராக வந்தால் தூரம் போதவில்லை, முட்டம் கலங்கரை விளக்கம் வரை உள்ளே போய்த் திரும்பிக் கணக்கைச் சரிசெய்தோம்.

ஒரு தப்பு செய்யப் பார்த்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். என் பெயரில் ஒரு கியூஆர் கோடு அடித்து ஊரெல்லாம் ஒட்டிப் பணம் சேர்த்து லண்டனுக்கு அனுப்பிவிடலாம் என்று இருந்தோம். ஆடிட்டர் அண்ணன் ஒருவர் தடுத்தார். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடங்கும். ஆனால் ஊரார் பணத்தை உன் கணக்கில் வாங்கி அனுப்பினால் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியது நீதான் என்றார். வெளிநாட்டு அறக்கட்டளைக்குக் கொடுத்தால் இங்கே 80ஜி வரிச்சலுகையும் கிடையாது. ஐநூறு ஐநூறாக அனுப்பினால் வங்கிக் கட்டணமே பாதியைத் தின்றுவிடும்.

அப்புறம் யோசித்தோம். குமரி மாவட்டத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பம் எத்தனை? 14 பேரும் ஆளுக்கு ஐந்து சொந்தக்காரர்களைக் கூப்பிட்டோம். துபாய், குவைத், அயர்லாந்து, இங்கிலாந்து என்று 70 பேர். "நான் இந்த இடத்தில் இருந்து இந்த இடம் வரை ஓடுகிறேன், தம்பி பணம் திரட்டும் இணையப் பக்கத்தில் நேராகப் போடுங்கள்" என்று மட்டும் சொன்னோம். 41 பேர் போட்டார்கள். இங்கிலாந்தில் வரி கட்டுகிறவர்கள் 'கிஃப்ட் எய்ட்' என்ற கட்டத்தை டிக் செய்தால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசே சேர்த்துக் கொடுக்கும். அங்கே இருப்பவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

விடியற்காலை நாலு மணிக்குக் குளச்சலில் தொடங்கினோம். மெதுவாக ஓடுகிறவர்களை முதலில் விட்டோம், வெயில் ஏறிய பிறகு அவர்களால் முடியாது. கடலோரத்தில் காற்று இருந்தாலும் புழுக்கம் ஆளை உருக்கிவிடும். எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீரும் மட்டிப் பழமும்தான் எங்கள் மருந்து. முட்டம் தாண்டும்போது கோயில் மணி அடித்து ஞாயிறு பூசைக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ராஜாக்கமங்கலம் பக்கம் ஒருவர் வண்டியை நிறுத்தி அக்கானி, அதாவது பதநீர், ஊற்றிக் கொடுத்தார். ஊற்றிக் கொடுத்தவருக்கு நாங்கள் யார் என்றே தெரியாது.

இந்தப் பாலத்தில் ஏழரை மணி இருக்கும். மீன் கூடையோடு ஒரு ஆச்சி நின்று எதற்கு ஓடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மடியில் இருந்து நூறு ரூபாய் எடுத்தார். பணம் வாங்கவில்லை ஆச்சி, அங்கே அனுப்ப வழியில்லை என்றேன். "சுனாமியில இந்தப் பாலம் போனப்போ எங்கிருந்தெல்லாமோ ஆளு வந்து பாத்தாவ. அவங்க வழி தேடுனாங்கல்லா? நீயும் தேடு மக்களே" என்று கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

2004 சுனாமிக்கு இங்கிலாந்து மக்கள் மட்டும் 39 கோடிப் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அதில் எத்தனையோ பேர் தெருத்தெருவாகக் கேட்டுத்தான் சேர்த்திருப்பார்கள். எனக்கு அன்றைக்குக் காலையில்தான் அது உறைத்தது.

ஒன்பது மணிக்குக் காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் கடைசி 195 மீட்டரை 14 பேரும் வரிசையாக ஓடி முடித்தோம். தம்பி அங்கே தொடங்கும்போது நமக்குப் பிற்பகல் மூன்று மணி. செயலியில் அவன் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். டவர் பாலம் தாண்டியதும் வேகம் குறைந்தது, ஒரு இடத்தில் நின்றேவிட்டது. பின்னே மறுபடி நகர்ந்தது. இரவு எட்டேகாலுக்கு முடித்தான். அவன் சேர்த்தது 2,640 பவுண்டு. அந்த வருடம் லண்டன் மாரத்தானில் எல்லோருமாகச் சேர்த்தது 8 கோடியே 73 லட்சம் பவுண்டு.

ஆச்சியின் நூறு ரூபாய்க்குத் தம்பி அங்கே ஒரு பவுண்டு போட்டான். பெயர் இருக்கும் இடத்தில் 'மணக்குடி ஆச்சி' என்று இருக்கிறது. இன்று காலை அந்த இணையப் பக்கத்தையும் அவன் நொண்டிக்கொண்டே ஓடி முடிக்கும் காணொளியையும் ஆச்சியிடம் காட்டினேன். பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "பிள்ளைக்கு முட்டு வலி இப்ப எப்படி இருக்கு?"