பாதி வழியில் இழுக்காத வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

"ஊருக்குள்ள நல்லாத்தான் ஓடுதுங்க. பைபாஸ்ல ஒரு மணி நேரம் போனா இழுக்க மாட்டேங்குது. முழுசா மிதிச்சாலும் எண்பதைத் தாண்டல." கார் பட்டறை வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய புகார் இது. இதில் ஒரு சிக்கல் உண்டு. வண்டி பட்டறைக்கு வந்து சேரும்போது இன்ஜின் ஆறியிருக்கும். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தால் குறையே தெரியாது. சரி, ஃபில்டரை மாற்றிப் பார்ப்போம், பிளக்கை மாற்றிப் பார்ப்போம், பம்பை மாற்றிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தால் பில்தான் ஏறும்.

கோளாறு நடந்தபோது பக்கத்தில் இருந்தவர் ஓட்டுநர் ஒருவர்தான். அவர் பார்த்து வந்து சொல்லும் விவரம், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் காட்டுவதைவிடப் பல நேரம் உபயோகமானது. இழுவை எப்படிப் போனது என்பதை எல்லோரும் விவரமாகச் சொல்வார்கள். எப்படித் திரும்பி வந்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. என் கணக்கில் பாதி விடை அதில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. கோளாறு இன்ஜினில்தானா? சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிப்பது பிரேக் காலிப்பர். அது நகர உதவும் ஊசி காய்ந்து இறுகிப் போனால், நாம் பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு. சூட்டில் பிரேக் ஆயில் விரிந்து பேடை இன்னும் அழுத்தும். அதனால்தான் புறப்பட்டவுடன் தெரியாது, ஐம்பது அறுபது கிலோமீட்டர் போனபின் வண்டியை யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி ஆகிறது. சோதிப்பது சுலபம். கடைசி ஒரு கிலோமீட்டரைப் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி, சாலையைவிட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மூன்று சக்கரம் வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் அனலாக அடித்தால், கருகிய வாடையும் வந்தால், இன்ஜின் பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள்.

கிளட்ச் விஷயமும் இப்படித்தான். மேட்டில் நாலாவது கியரில் மிதிக்கும்போது இன்ஜின் சுற்று காட்டும் முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சேலத்திலிருந்து தருமபுரி போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் ஏற்றமே போதும், வேறு சோதனை வேண்டாம்.

இந்த இரண்டும் இல்லையா? அப்புறம் இன்ஜினுக்கு வருவோம்.

இழுவை போன வண்டியை ஓரங்கட்டி, சாவியை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்கிறீர்கள். உடனே பழையபடி பறக்கிறது. இது வண்டியின் கணினி செய்யும் வேலை. ஏதோ ஓர் அளவு எல்லை மீறியதைப் பார்த்துவிட்டு, இன்ஜினைக் காப்பாற்ற அதுவே சக்தியைக் குறைத்திருக்கிறது. லிம்ப் மோடு என்பார்கள். பல டீசல் வண்டிகளில் சுற்று மூவாயிரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். பெரும்பாலும் செக் இன்ஜின் விளக்கும் எரியும். ஸ்கேனரைப் போட்டால் பி0299 என்று ஒரு குறியீடு வரலாம். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ கொடுக்க வேண்டிய காற்றழுத்தம் கிடைக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். டர்போ கெட்டுப்போச்சு என்று அது சொல்லவில்லை. டர்போவிலிருந்து, அந்தக் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் விரலால் மடக்கிப் பார்த்தால் மட்டுமே தெரிகிற ஒரு கீறல் இருந்தாலும் இதே குறியீடுதான் வரும். கீறல் இருக்கும் இடத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாகப் படிந்திருக்கும். டர்போவுக்கு விலை கேட்பதற்கு முன்னால் டார்ச் அடித்து அதைத் தேடச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் கார்களில் இன்னொன்றும் உண்டு, டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி. சேர்ந்த கரியைக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூட்டில் அதுவே எரித்துக்கொள்ளும். அதற்குச் சீரான வேகத்தில் இருபது நிமிடம் போல ஓட வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிக்கடை என்று தெருவுக்குள்ளேயே ஓடும் டீசல் காருக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. பாதி அடைத்த வடிகட்டியுடன் ஒருநாள் நெடுஞ்சாலை ஏறும்போது மூச்சு முட்டுகிறது. பழியைச் சாலை ஏற்கிறது, காரணம் தெருவில் இருக்கிறது. தினமும் நாலு கிலோமீட்டர் ஓட்ட டீசல் கார் வாங்குவது எனக்கு எப்போதும் புரியாத விஷயம். அது வேறு பேச்சு.

சாவியை அணைத்துப் போட்டும் பலனில்லை, ஆனால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கிறது, பிறகு வண்டி சரியாகிவிடுகிறது என்றால் டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது. எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் என்ன ஆகும் என்று சமையல்கட்டில் எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் அதே கதை. பெட்ரோல் போகப் போக உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பு திணறுகிறது. குறைந்த தூரத்தில் இது தெரியாது.

இருபது நிமிடம் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்தால்தான் சரியாகிறதா? அப்படியென்றால் சூடு சம்பந்தப்பட்டது. டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோலேதான். தேய்ந்துபோன பம்பு, கால் டேங்குக்கும் கீழே பெட்ரோல், மே மாத வெயில், மூன்றும் சேர்ந்தால் அழுத்தம் இறங்கும். இதில் ஒரு மயக்கமும் உண்டு. பம்பின் அடியில் உள்ள சல்லடையில் கசடு ஒட்டியிருந்தாலும், வண்டி நின்றதும் அது உதிர்ந்து, கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். ஆக, பம்பை மாற்றுகிறவர்கள் சல்லடையையும் டேங்கின் அடியையும் பார்க்காமல் மூடக்கூடாது. ஆறிய வண்டியில், ஐடிலில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, அழுத்தம் அளந்துவிட்டுப் பம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வதிலும் அர்த்தமில்லை. சூடான பிறகு, மிதித்து ஓட்டும்போது அளக்க வேண்டும்.

சூட்டில் கெடும் மற்ற இரண்டு சாமான்கள், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலும், இன்ஜின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரும். எரிபொருள் பற்றாக்குறையில் வண்டி சோர்ந்து சோர்ந்து போகும். காயில் கெட்டால் வெட்டி வெட்டி இழுக்கும், குலுங்கும். கிராங்க் சென்சார் விட்டுப்போனால் இன்ஜின் சட்டென்று அணையும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே சுற்று முள் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு விழுவதைப் பார்த்தேன் என்று ஓட்டுநர் ஒருவர் சொன்னால், மெக்கானிக் எங்கே கை வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம்.

அம்பாசிடர் ஓட்டிய பெரியவர்கள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பம்பின்மேல் ஈரத்துணி போட்டால் முடிந்தது என்பார்கள். அந்தக் காலத்தில் பம்பு இன்ஜினோடு ஒட்டியிருந்தது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி லைனை அடைத்துக்கொள்ளும், ஈரத்துணி கேட்கும். இன்றைக்குப் பம்பு டேங்குக்குள் போய்விட்டது, லைன் முழுக்க அழுத்தத்தில் இருக்கிறது. துணியை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

கடைசி வகை எதற்கும் சரியாகாத வண்டி. நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே போகும். ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் இரண்டையும் மாற்றியாகிவிட்டது, பம்பும் புதிது. இங்கே சைலன்சர் பக்கம் திரும்ப வேண்டும். அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு மாதிரித் துளைகள் கொண்ட பீங்கான். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அந்தப் பெட்ரோல் இங்கே வந்து எரியும், பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அடைப்பு இருக்கும் வண்டி ஐடிலில் ஒழுங்காக நிற்கும். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி மாட்டி, 2500 சுற்றில் வைத்துப் பாருங்கள். 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் புகை வெளியே போக வழியில்லை. கன்வெர்ட்டரை மாற்றினால் மட்டும் போதாது. எரியாமல் விட்ட சிலிண்டர் எது என்று பார்க்காவிட்டால் புதியதும் அதே கதிதான்.

ஏசி திடீரென்று சூடான காற்றை ஊதி, கூடவே இழுவையும் குறைந்தால் உடனே வெப்பமானியைப் பாருங்கள். இன்ஜின் கொதிக்கும்போது பல கார்களில் கணினி முதலில் ஏசியைத்தான் வெட்டிவிடும். நிறுத்துங்கள், ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறந்துவிடாதீர்கள்.

ஊட்டியில் வண்டி இழுக்கவில்லை என்று வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊட்டி ஏறக்குறைய 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் சக்தியும் ஏறத்தாழ அந்த அளவு குறையும். மேட்டுப்பாளையம் இறங்கியதும் சரியாகிவிட்டால், பட்டறைக்கு வர வேண்டாம்.

வருவதாக இருந்தால் சிலவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: எவ்வளவு தூரம் ஓடிய பிறகு, எந்த கியரில், டேங்கில் எவ்வளவு இருந்தது, ஏசி ஓடியதா, சாவியை அணைத்ததும் சரியானதா, ஆறிய பிறகா. பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டு விளக்கை அணைத்துவிட்டு வராதீர்கள். குறியீடு பதிவான நொடியில் வேகம், சுற்று, இன்ஜின் சூடு என்ன என்பதையெல்லாம் கணினி சேர்த்து எழுதி வைத்திருக்கும், அதுவும் அழிந்துபோகும். மெக்கானிக் பக்கத்து சீட்டில் ஸ்கேனரோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் வருவதாகச் சொன்னால், அந்த நேரத்துக்குக் கூலி கேட்டாலும் கொடுங்கள். தேவையில்லாத பம்பு ஒன்றின் விலை அதைவிட அதிகம்.

நன்றி, வணக்கம்.