சிவப்பு விளக்கில் அணைகிற கப்சாய்: கார்புரேட்டரா, தொட்டியா?

[காட்சி: பினாங்கு, ஜெலுத்தோங், அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளம். பழைய கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள், ஹோண்டா ஈஎக்ஸ்5 ஸ்டாண்டில் நிற்கிறது.]

வணக்கம். முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

[ஒலி: இன்ஜின் பிடிக்கிறது. சோக்கை எடுத்ததும் அணைகிறது.]

சோக் போட்டால், அதாவது காற்றைக் குறைத்தால், ஓடுகிறது, எடுத்தால் செத்துவிடுகிறது. முறுக்கிக்கொண்டே இருந்தால் பினாங்குப் பாலத்தைக்கூடத் தாண்டிவிடும். தண்ணீர்மலைப் பக்கம் சிவப்பு விளக்கில் கையைத் தளர்த்தினால் போச்சு, பின்னால் ஹார்ன் ஆரம்பித்துவிடும்.

இப்படி இருந்தால், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரையே மாற்ற ஓடாதீர்கள். பெரும்பாலும் ஒரு சின்னத் துளைதான் அடைத்திருக்கும்.

[காட்சி: உள்ளங்கையில் இரண்டு பித்தளை ஜெட்டுகள்.]

ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் துளையுள்ள சின்னத் திருகு. பெரியது மெயின் ஜெட். வேகமாகப் போகும்போது இதன் வழியாகத்தான் எண்ணெய், அதாவது பெட்ரோல், வருகிறது. சின்னது பைலட் ஜெட். வண்டி நின்றபடி ஓடும்போது இன்ஜினுக்குச் சோறு போடுவது இதுதான். இதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால்தான் அழுக்கு வந்தால் இது முதலில் அடைபடுகிறது, வேகத்தில் குறை தெரிவதில்லை.

அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது? நான் பட்டது இதில்தான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இந்த வண்டி பாதித் தொட்டி எண்ணெயோடு மாதக்கணக்கில் இங்கேயே நின்றது. அப்புறம் ஒரு கடையில் கொடுத்தேன். கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, பிறகு அதே கதை. மறுபடியும் கழுவினார்கள், மறுபடியும் காசு. தொட்டியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும்தான்.

அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் ஒரு சோதனை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும். சிகரெட் வேண்டாம், சாமி விளக்கு எரிகிற பக்கம் வேண்டவே வேண்டாம். கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வருகிற எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள்.

[காட்சி: போத்தல், மிக அருகில்.]

அடியில் முத்து முத்தாக உருள்வது தண்ணீர். செம்மண் போலப் படிந்தது தொட்டியின் துரு. பாதி காலியான இரும்புத் தொட்டி நம் ஊர் ஈரக் காற்றில் உள்ளே வியர்க்கும், துருப்பிடிக்கும். எண்ணெய் தெளிவாக இருந்தும் கெட்டுப்போன வார்னிஷ் வாடை அடித்தால், அது பழைய பெட்ரோல். லேசான பகுதி ஆவியாகிப் போய், மீதி பிசின்போல ஜெட்டில் ஒட்டிக்கொள்ளும்.

துரு கண்டால் தொட்டிதான் முதல் வேலை. சீட்டுக்கு அடியில் இருக்கும் தொட்டியைக் கழற்றி, எண்ணெயை முழுக்க வடித்து, வெளிவழிகளை அடைத்து, சமையல் வினிகரை நிரப்பி ஓரிரவு வையுங்கள். மறுநாள் கொட்டி, சோடா மாவு கலந்த தண்ணீரால் அலசி, உடனே காய வையுங்கள். ஈரத்தோடு விட்டால் மாலைக்குள் புதுத் துரு வந்துவிடும். காய்ந்ததும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வடியுங்கள். எண்ணெய்க் குழாய் விறைத்திருந்தால் அதையும் மாற்றி, நடுவில் ஒரு சின்ன ஃபில்டர் போடுங்கள்.

[காட்சி: மேசையில் வெள்ளைத் துணி, அதன்மேல் கார்புரேட்டர்.]

இப்போது கார்புரேட்டர். ஜப்பான் வண்டிகளின் நட்சத்திரத் திருகுகள் ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர அளவு. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் வைத்து அழுத்தினால் தலை நைந்துவிடும். அடியிலுள்ள எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்து, எண்ணெய் நிரம்பியதும் வழியை அடைக்கும் மிதவையின் ஊசியை உருவி, இரண்டு ஜெட்டுகளையும் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது, பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும் ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும்.

வண்டி நின்றபடி ஓடுவதற்கு (ஐட்லிங்) கலவையைச் சரிசெய்யும் திருகைத் தொடும்முன், அது எத்தனை சுற்று உள்ளே போய் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே கணக்கு. நான் முதல் தடவை எழுதாமல் கழற்றிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

ரப்பர் வளையங்களை, கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே அடிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள், அந்தத் திரவம் பட்டால் ஊதிப்போகும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தால் எங்கிருந்தோ கண்ணுக்கு நேராகப் பீய்ச்சும். ஒவ்வொரு வழியிலும் அடித்து, காற்றால் ஊதி, ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறைநிலா போலத் தெரிந்தால் இன்னும் ஒட்டியிருக்கிறது, ஊற வைத்து மறுபடி ஊதுங்கள். இரும்புக் கம்பி மட்டும் விடாதீர்கள். துளை பெருத்தால் எண்ணெய் கூடும், ஸ்பார்க் பிளக் கறுக்கும்.

மிதவை ஊசியின் நுனியில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் புதிது போடுங்கள். இல்லாவிட்டால் வண்டி நிற்கும்போது எண்ணெய் சொட்டும்.

மாட்டிவிட்டு, இன்ஜின் சூடான பிறகு கலவைத் திருகை மெல்ல இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். சத்தம் எங்கே சீராக ஏறி நிற்கிறதோ, அங்கே விடுங்கள்.

[ஒலி: சோக் இல்லாமல் சீரான ஓட்டம்.]

இத்தனைக்கும் பிறகு கொஞ்ச தூரம் ஓடி அணைகிறதா? தொட்டி மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், உடனே ஸ்டார்ட் ஆனால், மூடியிலுள்ள காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. ஒரு ஊசி போதும்.

அப்புறம், அந்தப் போத்தலில் இருக்கும் எண்ணெயை லோங்காங்கில், அதாவது சாக்கடையில், ஊற்ற வேண்டாம். பழைய எண்ணெய் சேர்த்து வைக்கிற ஃபோர்மேன் (மெக்கானிக்) யாராவது பக்கத்தில் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.