ஏழு பிள்ளைங்க இருக்கிற வீட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள்

வணக்கம் சொந்தங்களே, எல்லாரும் சுகமா இருக்கீங்களா? இன்னைக்கு மழை கொஞ்சம் விட்டிருக்கு, அதான் உக்காந்துட்டேன். மழை பேஞ்சா இந்தத் தகரத்துல விழுற சத்தத்துக்கு நான் பேசுறது உங்களுக்கு ஒண்ணுமே கேக்காது.

நெறைய பேர் ஒரே கேள்வியக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. "அக்கா, உங்க வீட்டுல இத்தனை பிள்ளைங்க, பிறந்தநாள், காதுகுத்து, பள்ளிக்கூடம் சேக்கிறதுன்னு எல்லாத்தையும் எப்படிச் செய்யிறீங்க, காசுக்கு எங்க போறீங்க"ன்னு. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறேன். பிள்ளைங்க மூஞ்சிய நான் காட்ட மாட்டேன், பேரும் பள்ளிக்கூடமும் சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும். வீட்டுல கூப்பிடுற மாதிரி பெரியவன், பாப்பா, குட்டின்னே சொல்றேன்.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு தடவ சொல்லிடுறேன். நாங்க இலங்கை மலையகத்துல, பொகவந்தலாவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல இருக்கோம். லயம்னா தொழிலாளிங்களுக்கு வரிசையாக் கட்டின வீடு. அதுல மூணு காம்பராவையும், அதாவது மூணு அறையையும், சேத்து ஒரே வீடாப் பொழங்குறோம். எனக்கு மூணு பிள்ளைங்க, கொழுந்தனாருக்கு ரெண்டு, என் நாத்தனாருக்கு ரெண்டு. நாத்தனார் குவைத்துல வீட்டு வேலைக்குப் போயிருக்காங்க, அவங்க பிள்ளைங்க எங்ககூடத்தான் வளருதுங்க. மாமியாருக்கும் ஓரகத்திக்கும் மலை வேலை, அதாவது தேயிலை மலையில வேலை. என் வீட்டுக்காரர் ஸ்டோர்ல, அதான் தேயிலைத் தொழிற்சாலையில, வேலை செய்யிறார். விடிஞ்சா ஒருத்தர் பெரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேர் குடுக்கிற களத்துக்கு, ஓடுறாங்க, ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்கு ஓடுறாங்க, ஒருத்தர் தண்ணி பிடிக்க ஓடுறாங்க. இதுக்கு நடுவுல ஒரு பிள்ளைக்குப் பல்லு விழுந்தா அத யாரு பாக்கிறது?

ஆனா பாக்கணும். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

பெரிய விசேஷத்தையெல்லாம் நாங்க சேத்தேதான் செய்வோம். காதுகுத்தை எடுத்துக்கோங்க. தனித்தனியாச் செஞ்சா ஒவ்வொரு தடவையும் கோயில் செலவு, ஆசாரிக்குக் கூலி, சாப்பாடு, அதுக்கு மேல வேலை போற நாள். ஒரு நாள் மலைக்குப் போகலேன்னா அன்னைக்கு வேலைக் கணக்குல பேர் இல்ல. பேர் இல்லேன்னா சம்பளம் இல்ல. அதனால மூணு சின்னதுங்களுக்கும் ஒரே நாள்ல, நம்ம தோட்டத்து அம்மன் கோயில்லயே மொட்டை போட்டுக் காது குத்தினோம். நாளைக் குறிக்கிறதுக்குப் பஞ்சாங்கம் பாத்ததோட, என் தம்பியோட லீவையும் பாத்தோம். அவன் கொழும்புல கடையில நிக்கிறான், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் ஊருக்கு வர முடியும். தாய்மாமன் மடி இல்லாம காதுகுத்து ஏது? நாத்தனார் பிள்ளைக்குத் தாய்மாமன் என் வீட்டுக்காரர்தான், அவர் இங்கேயே இருக்கார். ஆக மடிக்குக் கொறைவில்ல. சேத்துச் செஞ்சதுல ஒரு பிள்ளைக்கும் மனசு வாடல, ஏன்னா ஒண்ணு அழும்போது மத்த ரெண்டும் அத வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க.

சேக்கக் கூடாதது வேற இருக்கு. மொதப் பல்லு, மொத நடை, மொதச் சொல்லு, தானாப் படிச்ச மொதல் எழுத்து. இதெல்லாம் லீவு பாத்து வராது. மொதப் பிள்ளைக்கு இதெல்லாம் வரும்போது லயமே கூடி நிக்கும். அஞ்சாவது ஆறாவதுக்கு வரும்போது "ஆங், இவனும் நடக்கிறானா"ன்னு ஒரு பார்வையோட போயிடும். அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? அதுக்கு அது மொதத் தடவதானே. அண்ணன் நடந்தது அதுக்குத் தெரியுமா?

எங்க வீட்டுல குட்டி நடந்த கதையச் சொல்றேன். இந்த லயத்துப் பக்கம் சமதரையே கெடையாது. வாசலத் தாண்டினா தண்ணி ஓடுற கான், கானைத் தாண்டினா படி, படி முடிஞ்சா தேயிலை. வீட்டுக்குள்ள ரெண்டு எட்டு வெச்சா சுவர் வந்துடும். சுவரைப் பிடிச்சுப் பிடிச்சே நடந்து பழகிட்டான், கைய விடவே மாட்டேன்னுட்டான். ஒரு ஞாயித்துக்கெழமை என் ஓரகத்தி அவனைப் பெரட்டுக் களத்துக்குத் தூக்கிட்டுப் போய் நடுவுல நிப்பாட்டினா. பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. சுத்திச் சுத்திப் பாத்தான், ஒதட்டைப் பிதுக்கினான், அழப்போறான்னு நெனச்சோம். அப்புறம் அவங்க அப்பாயியப் பாத்து நாலு எட்டு. அப்பாயி மடியில இருந்த வெத்தலைப் பையக் கீழ போட்டுட்டு ரெண்டு கையையும் நீட்டினாங்க பாருங்க! அந்த வீடியோவத்தான் அன்னைக்கே நாத்தனாருக்கு அனுப்பினோம். இங்க ராத்திரி பத்து மணின்னா குவைத்துல ஏழரை, அவங்களுக்கு அந்த நேரம் வேலை முடியாது. போன் கையில எடுக்கும்போது இங்க நடுச்சாமம். காலையில எந்திரிச்சுப் பாத்தா, "என் மருமகன் நடந்துட்டான்"னு அழுதுக்கிட்டே பேசின வாய்ஸ் மெசேஜ் கெடக்குது.

அவங்க பிள்ளைங்க விஷயத்துல நான் இன்னும் கவனமா இருப்பேன். அம்மா பக்கத்துல இல்லாத பிள்ளைக்கு, "நான் செஞ்சத ஒருத்தர் பாத்தாங்க"ங்கிறது சோத்துக்குச் சமம். பாப்பாவுக்கு மொதப் பால் பல்லு விழுந்த அன்னைக்கு, அதை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, ஸ்டோர்ல இருந்து மாமா வர்ற வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டாம உக்காந்திருந்தா. அவர் வந்து, கைய விரிச்சுப் பாத்து, "இது அணிலுக்குத்தான்"னு சொல்லி, அவளைத் தோள்ல ஏத்தி, அவ கையாலயே தகரத்து மேல எறிய வெச்சார். டங்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தையும் போன்ல எடுத்து அவங்க அம்மாவுக்கு அனுப்பினோம். இதுக்கு எத்தனை ரூபா செலவு? ஒண்ணுமில்ல.

செலவுன்னா எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான், பால் டொபி. யாரு என்ன புதுசாச் செஞ்சாலும் எங்க வீட்டுல அன்னைக்குப் பால் டொபி. ஒரு டின்பால், அரைக் கிலோ சீனி, கொஞ்சம் பட்டர், கையில இருந்தா கஜு, அதான் முந்திரி. சீனியக் கொஞ்சம் தண்ணியில கரைய விட்டு, டின்பாலை ஊத்தி, சின்ன நெருப்புல கைவிடாமக் கிண்டணும். கைய எடுத்தீங்கன்னா அடிப்பிடிச்சு, எல்லாம் போயிடும். சட்டியோட ஓரத்தை விட்டுத் திரண்டு வரும்போது ஒரு சொட்டைப் பச்சத்தண்ணியில விட்டுப் பாருங்க, உருண்டு நின்னா பதம். பட்டர் தடவின தட்டுல கொட்டி, சூடு ஆறுறதுக்கு முன்னாடியே கத்தியால கோடு போட்டுடணும். அந்த மொதக் கோட்டை யாருக்கு விசேஷமோ அந்தப் பிள்ளைதான் போடணும், நாங்க கையப் பிடிச்சுக்குவோம். மொதத் துண்டும் அதுக்குத்தான். அப்பாயிக்குக் கூட ரெண்டாவதுதான்! கேக் வாங்குறதுன்னா டவுனுக்குப் போகணும், பஸ் காசு வேற. ஏழு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டினா அது மாசச் சம்பளத்துல ஓட்டை. தீபாவளி அட்வான்ஸ் எடுத்து அத மாசாமாசம் கழிக்கிறதே போதும், பிறந்தநாளுக்கும் கடன் வேணாம் சொந்தங்களே.

அடுத்தது எங்க சீ.ஆர். கொப்பி, கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு. இங்க பாருங்க, அட்டையெல்லாம் பிஞ்சிருக்கு. ஒரு பிள்ளைக்கு இத்தனை பக்கம்னு பிரிச்சிருக்கேன். மொதப் பக்கத்துல பொறந்த தேதி, நேரம், நெறை. அதுக்குக் கீழ சின்னச் சின்னதா எழுதுவேன். "இன்னைக்கு ஹட்டன் பஸ்ஸோட போர்டைத் தானா வாசிச்சா. கண்டக்டர் அவளுக்கு மட்டும் தனியா ஒரு டிக்கட் கிழிச்சுக் குடுத்தார்." அந்த டிக்கட்டும் இங்க ஒட்டியிருக்கு, பாருங்க.

ஏன் இவ்வளவு மெனக்கெடுறேன்னு கேப்பீங்க. எங்க மாமியாருக்கு அவங்க பொறந்த தேதி தெரியாது. அவங்களை லயத்துலதான் பெத்தாங்க, மருத்துவச்சி பாத்தா, பதியல. 1948 குடியுரிமைச் சட்டத்தோட, இந்தியாவுல இருந்து வந்த வம்சமான நம்ம தோட்டத்து ஆளுங்களுக்குக் குடியுரிமை போச்சு. அப்புறம் நம்ம ஆளுங்கள ரெண்டு நாடும் பிரிச்சுக்கிட்ட 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல, அவங்க அக்கா குடும்பம் தலைமன்னார் போய் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிடுச்சு, இவங்க இங்கேயே நின்னுட்டாங்க. மிச்சம் இருந்தவங்களுக்குக் குடியுரிமை குடுத்த 2003 சட்டம் வந்த பொறகுதான் இவங்க கையில ஐடென்டிட்டி கார்டு வந்துச்சு. அதுல இருக்கிற பிறந்த தேதி, ஒரு படிவத்தை நிரப்புறதுக்காக யாரோ ஒருத்தர் போட்ட தேதி. "பெரிய மழை பேஞ்சு பாலம் போன வருசம்"னு அவங்க அம்மா சொன்னதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு. எப்ப நடந்தாங்க, மொதல்ல என்ன பேசினாங்க, ஒரு வரி கெடையாது. அந்த மனுசி இன்னைக்கு, எழுதத் தெரியாட்டியும், "இன்னைக்கு இது செஞ்சான், எழுது எழுது"ன்னு என்னை வெரட்டுறாங்க. அதனால நம்ம பிள்ளைங்களுக்குப் பிறப்புப் பதிவைத் தள்ளிப் போடாதீங்க. மூணு மாசம் தாண்டினா தாமதப் பதிவுன்னு அலையணும். ஆஸ்பத்திரியில குடுக்கிற வளர்ச்சிப் பதிவேடும் அப்படித்தான். கிளினிக் கார்டுன்னு தூக்கி அலமாரி மேல போடாதீங்க. ரெண்டாம், நாலாம், ஆறாம் மாசத்து ஊசி, ஒம்பதாம் மாசத்து ஊசி எல்லாம் அதுலதான் இருக்கு. பிள்ளை எந்த வயசுல என்ன செய்யணும்னும் அதுல போட்டிருக்கு.

அதை ஏன் சொல்றேன்னா, கொழுந்தனாரோட மூத்தவ பேச லேட்டானா. ரெண்டு வயசுல ரெண்டு சொல்லைச் சேத்துச் சொல்லணும், அவ சொல்லல. "நம்ம வீட்டு ஆளுங்க எல்லாம் லேட்டாத்தான் பேசுவோம்"னு பெரியவங்க சொன்னாங்க. ஓரகத்தி கேக்கல, மிட்வைஃப் மிஸ்கிட்ட அந்தப் பக்கத்தைக் காட்டினா. அவங்க டாக்டருக்கு எழுதிக் குடுத்து, காதை டெஸ்ட் பண்ணி, பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினாங்க. பாக்கிற ஆளுங்க எல்லாம் "அம்மா சொல்லு, மாமா சொல்லு"ன்னு நச்சரிக்கிறத நிறுத்தச் சொன்னாங்க. மத்த பிள்ளைங்க எல்லாத்தையும் கூட்டி வெச்சு, அவளோட எப்படிப் பேசணும்னு சொல்லிக் குடுத்தோம். ஒரு நாள் சாயங்காலம் அவளே வந்து, "அப்பாயி, டீ குடு"ன்னா. அப்பாயிக்குக் கை நடுங்கிடுச்சு. அன்னைக்குப் பால் டொபி ரெண்டு தட்டு போட்டு லயம் பூராக் குடுத்தோம். அவ தங்கச்சி அவளுக்கு முந்தியே பேசிட்டா, அது வேற கணக்கு. ஒரு பிள்ளையோட பக்கத்தைத் தொறந்து வெச்சு இன்னொரு பிள்ளைகிட்ட, "பாரு, அவ இந்த வயசுல இது செஞ்சிட்டா"ன்னு சொல்லவே கூடாது. எங்க வீட்டுல அது சட்டம். சொந்தக்காரங்க வந்து சொன்னாலும் என் ஓரகத்தி விட மாட்டா.

பள்ளிக்கூட விசயம் சுருக்கமாச் சொல்லிடுறேன். ஒண்ணாம் வகுப்புக் கால்கோள் விழாவுக்கு, அதாவது புதுப் பிள்ளைங்கள வரவேற்கிற நாளுக்கு, வீட்டுல இருந்து ஒரு பெரிய ஆள் கட்டாயம் போகணும், அரை நாள் லீவு போட்டாவது. ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்க வந்து மாலை போட்டுக் கூட்டிட்டுப் போகும்போது, அந்தக் குட்டிக் கண்ணு திரும்பி நம்மளத்தான் தேடும். புது உடுப்பு வாங்க முடியலேன்னா கவலைப்படாதீங்க, அண்ணனோடத வெட்டித் தெச்சுப் போடலாம். ஆனா நீங்க நிக்கணும்.

பொம்பளப் பிள்ளைங்க வயசுக்கு வர்ற சடங்கு பத்தி சில பேர் கேட்டிருந்தீங்க. எங்க வீட்டுல இன்னும் அந்த நாள் வரல. வந்தா மொதல்ல பிள்ளைகிட்டக் கேப்போம். வீட்டோட தண்ணி ஊத்தி, தாய்மாமன் சீரோட முடிச்சுக்கலாம்னு அவ சொன்னா அதோட சரி. மண்டபம் பிடிச்சு, பேனர் அடிச்சு, வட்டிக்குக் காசு வாங்கி, அப்புறம் வருசக்கணக்கா அதைக் கட்டுற குடும்பங்கள இங்க கண்ணால பாக்கிறேன். கூச்சப்படுற பிள்ளைய வீடியோவுல போட்டு ஊருக்குக் காட்டுறதும் எனக்குப் பிடிக்காது.

இப்ப பெரியவன் விசயம். இந்த வருசம் அவனுக்கு அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பரீட்சை. இருநூறுக்கு எத்தனை புள்ளி, பாஸாகுறதுக்கு நம்ம மாவட்டத்து வெட்டுப்புள்ளி எத்தனைன்னு லயம் பூரா இதே பேச்சு. பாஸ் பண்ணின பிள்ளை வீட்டுல வெடி, பக்கத்து வீட்டுல கதவ மூடிக்கிட்டு ஒரு பிள்ளை. ஒவ்வொரு வருசமும் இத நான் பாக்கிறேன், எனக்கு மனசு தாங்கல. பத்து வயசுப் பிள்ளை சொந்தங்களே! அதனால நாங்க முடிவு பண்ணிட்டோம். அவன் எழுதிட்டு வெளிய வர்ற அன்னைக்கேதான் எங்களுக்கு விசேஷம், ரிசல்ட் அன்னைக்கு இல்ல. மாமியாரும் ஓரகத்தியும் அன்னைக்கு மலைக்குப் போகப்போறதில்ல. குவைத்துல இருந்து நாத்தனார் அந்த நேரத்துக்குப் போன் எடுக்க இப்பவே வீட்டு மேடம்கிட்ட அனுமதி கேட்டு வெச்சிருக்காங்க. ரெண்டு வருசம் குளிர்ல விடியக்காலம் எந்திரிச்சுப் படிச்சிருக்கான், அதுக்குத்தான் அந்தப் பால் டொபி. அவன்கிட்ட இத நேத்து ராத்திரி சொன்னேன். "அப்ப ரிசல்ட் எப்படி வந்தாலும் மொதக் கோடு நான்தான் போடுவேனா"ன்னு கேட்டான். ஆமா சாமி, நீதான்னேன்.

உங்க வீட்டுல நாலாவது, அஞ்சாவது பிள்ளைக்கு நீங்க என்ன செய்யிறீங்கன்னு எழுதுங்க, நான் எல்லாத்தையும் வாசிப்பேன். விஜயதசமிக்குக் குட்டிக்கு ஏடு தொடக்குறோம், அடுத்த வீடியோ அதுதான். சரி, தண்ணி வர்ற நேரம், குடத்தை வைக்கணும். வர்றேன் சொந்தங்களே.