கூடைக்குள்ள ஒத்த இலை

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்துல கலம்னு படிச்சோமே, ஒடம்புக்குள்ள இருக்கிற பொடி கலம், அத ஒண்ணொண்ணா புடிச்சுப் பாக்குறதப் பத்திதான் இன்னைக்குப் பேச்சு. ஆனா மொதல்ல தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்குற மடுவத்துக்குப் போயிட்டு வந்துருவோம்.

எங்கம்மா கொழுந்து நிறுக்கக் கொண்டாந்தா கணக்கப்பிள்ளை கூடைக்குள்ள கைய விட்டு ஒரு பிடி அள்ளுவாரு, அதுல நாலு முத்தல் இலை வந்துட்டா கூடையே முத்தல்னு ரெண்டு கிலோவ கழிச்சிருவாரு, சில நாளு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். ஒருநா அம்மாவுக்கு வந்துச்சே கோவம்! படங்க விரிச்சு மொத்தத்தையும் கொட்டி இலை இலையா பிரிச்சுக் காட்டுனாங்க, மழை தூறுது, லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான், அம்மா அசையல. எண்ணுனா முத்தல் ஒன்பதே ஒன்பது. கழிச்சது கழிச்சதுதான், அது வேற கத.

ஆய்வுகூடத்துலயும் ரொம்ப காலம் இந்த ஒரு பிடி கணக்குதாங்க. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்துல சுமார் 50 லட்சம் செங்குழியம், அதான் சிவப்பு இரத்தக் கலம், இருக்கு, அம்புட்டையும் சேர்த்துச் சராசரி சொன்னா அந்த ஒன்பது முத்தல் எங்க தெரியும்? ஒரு செங்குழியம் 7, 8 மைக்ரோமீட்டர், நம்ம தலமுடி தடிப்புல பத்துல ஒரு பங்குன்னு வச்சுக்கங்க. அத எந்த இடுக்கியால புடிக்க?

வெளிச்சத்தால புடிச்சாரு அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் ஆஷ்கின். லேசர் கதிர ஒரு புள்ளியில குவிச்சா பொடிசுங்க அதுலயே மாட்டிக்கிட்டு நிக்கும், 1986ல காட்டுனாரு, அடுத்த வருஷமே உயிரோட பக்டீரியாவையும் புடிச்சாரு. நோபல் பரிசு 2018லதான் வந்துச்சு, மனுசனுக்கு அப்ப 96 வயசு! செங்குழியத்துக்கு ரெண்டு பக்கமும் குட்டி மணிய ஒட்டி இந்த வெளிச்சத்தால இழுத்துப் பாக்கலாம். நல்ல செங்குழியம் ரப்பர் மாதிரி இழுபடும், தன்னவிட ஒடுக்கமான எடத்துலயும் நெளிஞ்சு பூந்துரும். மலேரியா கிருமி பூந்தது வெறச்சுக்கும், இழுபடாது. நம்ம இலங்கையில மலேரியா இல்லன்னு 2016ல உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லிருச்சு, அந்தக் காய்ச்சல் என்னான்னு பெருசுங்கள கேட்டுப் பாருங்க.

அப்புறம் சிப்பு. முடியளவு வாய்க்கால் வெட்டுன சின்னச் சில்லு, கொழுந்துக் கூடையோட ஒத்தையடிப் பாதையில வரிசையா எறங்குவாங்களே, அப்புடி கலம் ஒண்ணு பின்னால ஒண்ணா... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கைய காட்டுறாரு, நேரம் போயிருச்சாம். தவளையோட தசைக் கலத்து மேல கண்ணாடி ஊசிக்குழாய ஒட்டி கரண்ட் அளந்த எர்வின் நேர், பெர்ட் சாக்மன்னு ரெண்டு விஞ்ஞானிங்க கதையத்தான் பெருசா எழுதிக்கிட்டு வந்தேன், மூணு பக்கம், 1976ல செஞ்சாங்க, 1991ல நோபல், அம்புட்டுதான் சொல்ல முடியுது. வரேங்க.