ஆர்டருக்கு வரைந்த படம் யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ரிசார்ட் என்று வைத்துக்கொள்வோம். வரவேற்பறைச் சுவருக்குச் சோலைக்காடும் நீலக்குறிஞ்சியுமாக ஒரு பெரிய படம் வேண்டும் என்று உள்ளூர் ஓவியர் ஒருவரைக் கூப்பிடுகிறார்கள். இருபதாயிரம் பேசி, ஐயாயிரம் அட்வான்ஸ் ஜிபேயில் வருகிறது. படம் முடிந்து சுவரில் ஏறிவிட்டது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அறைக்கு ஒரு படம், காபிக் கோப்பையில் ஒரு படம், சாக்லேட் டப்பாவில் ஒரு படம். எல்லாமே அதே சாயல். சுவரில் இருந்த படத்தைச் செல்போனில் பிடித்து, ஏ.ஐ. செயலியில் போட்டு, இதே மாதிரி இன்னும் இருபது கொடு என்று கேட்டு வாங்கியவை. ஓவியர் போய்க் கேட்டால், "காசு கொடுத்துத்தானே வரையச் சொன்னோம்?" என்கிறார்கள்.

நியாயம் யார் பக்கம்? ஓவியர் பக்கம் என்றுதான் கேட்கிற எல்லோரும் சொல்வீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு, ஒருவர் கேட்டதன்பேரில் எடுத்த போட்டோ, வரைந்த ஓவியம் இவற்றுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவர்தான் முதல் உரிமையாளர். வரைந்தவர் இல்லை. அதே ஓவியர் அதே படத்தைத் தன் விருப்பத்துக்கு வீட்டில் வரைந்து வைத்து, பிறகு அதே ரிசார்ட்டுக்கு அதே இருபதாயிரத்துக்கு விற்றிருந்தால்? படத்துணியும் மரச்சட்டகமும் அவர்களுக்குப் போகும், பதிப்புரிமை ஓவியரிடமே நிற்கும். ஒரே படம், ஒரே தொகை. ஆர்டரா, விற்பனையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கல்யாண போட்டோகிராபர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏ.ஐ. பற்றிப் பேச வந்தவன் ஏன் ஆர்டர், ரசீது என்று இழுக்கிறான் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. உரிமை கையில் இருந்தால்தான் ஏ.ஐ.யில் போடாதே என்று சொல்லவே முடியும். உரிமையையே அட்வான்ஸோடு கொடுத்துவிட்டு, பிறகு எந்தத் தொழில்நுட்பத்தைத் திட்டி என்ன பயன்?

'வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற அந்த வாசகத்தில்தான் வழி இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். முத்திரைத்தாளும் வக்கீலும் தேடி ஓட வேண்டாம். அட்வான்ஸ் வாங்கும் முன் இப்படி எழுதுங்கள்: "இந்தப் படத்தின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். இன்ன இடத்தில், ஒரு பிரதியாக மாட்டி வைக்க மட்டும் அனுமதி. அச்சிடவோ, ஏ.ஐ. பயிற்சிக்குக் கொடுக்கவோ, ஏ.ஐ. வழியாக மாற்றி உருவாக்கவோ அனுமதி இல்லை." ஏ.ஐ.க்கு வரையக் கற்றுக்கொடுக்கப் படங்களை ஊட்டுவதைத்தான் பயிற்சி என்கிறார்கள். இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து, தேதி. அதற்குத் தயக்கமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் "சரி" என்று போட்ட பிறகு தூரிகையை எடுங்கள். அதுவும் சான்றுதான், தாள் அதைவிட உறுதி. ஆனால் பணத்துக்கு முன்னால். பணம் வந்தபின் இந்தப் பேச்சை எடுத்தால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

அச்சிடவும் உரிமை கொடுக்கிறீர்கள், தேயிலைப் பாக்கெட்டுக்கு என்று வையுங்கள். அப்போது 19ஆம் பிரிவு வருகிறது. எந்தப் படம், எந்த உரிமை, எத்தனை வருடம், எந்த ஊர்வரை, எவ்வளவு தொகை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வருடம் எழுத மறந்தால் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். எல்லை எழுதாவிட்டால் இந்தியா முழுவதும். "எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்" என்று அச்சடித்த தாளை நீட்டினால், அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

சரி, படமே வேறு, பாணி மட்டும் அதே என்றால்? இங்கே சட்டம் கையை விரித்துவிடும். கருத்துக்கு உரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் என்று 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாணியும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக வருகிற வடிவம் என்றால் இன்னும் சிக்கல். பதிப்புரிமை ஒருவர் ஆயுளும் அதன்மேல் 60 ஆண்டும்தான். நீலகிரியின் தோடர் பழங்குடியினர் கையால் தைக்கும் தோடர் எம்பிராய்டரிக்கு எந்த ஒருவரைக் காட்டுவது?

அதற்கு வேறு வேலி இருக்கிறது. தோடர் எம்பிராய்டரி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு. ஏ.ஐ. வரைந்த சிவப்புக் கறுப்புக் கோலத்தை அச்சடித்துத் 'தோடர் எம்பிராய்டரி' என்று விற்றால் அது குற்றம், 6 மாதம் முதல் 3 வருடம்வரை சிறை. பெயர் போடாமல் விற்றால் இந்தச் சட்டம் பிடிப்பது கடினம். ஆகவே வாங்குகிறவர் கண்ணும் வேலை செய்ய வேண்டும். அசல் வேலையில் துணியில் கோடு வரைந்து தைப்பதில்லை. நெசவின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி போகும். திருப்பிப் பாருங்கள். தைத்த நூலின் தடமும் சிறு வளையங்களும் பின்பக்கம் கையில் தட்டும். அச்சடித்ததில் பின்பக்கம் வெறும் துணி.

இணையத்தில் நீங்கள் போட்ட படம் ஏற்கெனவே பயிற்சித் தொகுப்பு எதிலாவது போயிருக்கலாம். 2022இல் வந்த லாயன் தொகுப்பில் மட்டும் 585 கோடி படங்களின் இணைப்பும் விளக்கமும் இருந்தன. ஓவியத்தை மின்னணு முறையில் சேமித்து வைப்பதும் உரிமையாளருக்கே உரியது என்று நம் சட்டம் 14ஆம் பிரிவில் சொல்கிறது. பயிற்சிக்காகச் சேமிப்பது அதில் அடங்குமா என்பதை ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ மீது 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு கிளப்பியிருக்கிறது. அது பெரியவர்கள் சண்டை. நம் கையில் இருப்பது சான்று.

பென்சில் வரைவு, பாதிப் படம், முடிந்த படம் மூன்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். கேமராவின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த தேதி போன்ற விவரங்களும் கழன்றுவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். வெளியில் போடும் படத்தின் நீளப்பக்கம் 1000 பிக்சல் போதும். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அச்சிட்டால் மூன்றே கால் அங்குலத்துக்குச் சற்று மேல் வரும், யாரும் சுவருக்கு அடிக்க முடியாது. மூலையில் போடும் பெயரை வெட்டிவிடுவார்கள், படத்தின் நடுவே மங்கலாகப் போடுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தார் தந்த கிளேஸ் மென்பொருள் பாணியைத் திருடுவதைத் தடுக்கப் பார்க்கிறது. பழைய கம்ப்யூட்டரில் மெதுவாக ஓடும். அதை உடைக்கும் வழிகளும் வந்துவிட்டன, அதையே நம்பிவிடாதீர்கள்.

பதிவு கட்டாயமில்லை, வரைந்த கணமே உரிமை உண்டு. ஆனாலும் முக்கியமான படங்களைப் பதிந்து வைப்பது நல்லது. ஓவியத்துக்கு 500 ரூபாய், பொருள்களின்மேல் பயன்படக்கூடியது என்றால் 2000. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

நேரம் முடியப்போகிறது என்று எதிரே கை காட்டுகிறார்கள். குரலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். பாடகர்கள் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏ.ஐ.யில் நகலெடுப்பதற்கு 2024இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஒலிப்பதிவுக்குக் கையெழுத்துப் போடும்போது 'குரல் நகல்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

திருட்டுப் படம் ஒரு தளத்தில் கிடந்தால் அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் படம், உரிமைச் சான்று, திருட்டு இருக்கும் இணைப்பு, 21 நாளில் வழக்குப் போடுவேன் என்ற உறுதி நான்கும் வேண்டும். தளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். 21 நாளில் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம், அதனால் நாள்களை எண்ணிக்கொண்டே இருங்கள். வழக்குக்குப் பணம் இல்லையே என்பவர்களுக்கு: பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், தொலைபேசி 15100. வணக்கம்.