பூட்டினால் தூங்கிவிடுமா நகரம்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'நகரத்து இரவுக்குத் தேவை பூட்டா, நிர்வாகமா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, நள்ளிரவோடு உணவகம், மதுக்கூடம், நடனக்கூடம் எல்லாவற்றையும் இழுத்து மூடினால் சத்தமும் சண்டையும் தானாக அடங்கும் என்றார். கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன். பேச்சுக்குத்தான், கருத்துக்கு இல்லை.

ஒரு தெருவை நினைத்துப் பாருங்கள். வரிசையாக இருபது கடைகள், எல்லாவற்றுக்கும் மூடும் நேரம் ஒரு மணி. பன்னிரண்டே முக்காலுக்கு 'கடைசி ஆர்டர்' என்று குரல் வரும். ஒரு கிளாஸோடு எழுந்திருக்க நினைத்தவர் இரண்டு வாங்கி அவசரமாக உள்ளே தள்ளுவார். ஒரு மணிக்கு இருபது கதவுகளும் ஒன்றாகத் திறக்கும். அத்தனை பேரும் ஒரே நடைபாதையில். கடைசி பஸ் எப்போதோ போய்விட்டது. இருக்கிற நாலு டாக்சிக்கு நாற்பது கை நீளும், தோள் இடிக்கும், 'யாரைப் பார்த்து முறைக்கிறே?' என்று ஒருவர் கேட்பார். அப்புறம் என்ன, பூட்டிய கடைக்கு வெளியேதான் சண்டை.

எதிரணி சிட்னியைக் காட்டியது. சரி, அங்கேயே போவோம். 2014இல் அந்நகரின் மையத்திலும், இரவுக் கேளிக்கைக்குப் பேர்போன கிங்ஸ் கிராஸ் பகுதியிலும், இரவு 1.30க்குப் பிறகு மதுக்கூடங்களுக்குள் புதிதாக யாரும் நுழையக்கூடாது, 3 மணிக்கு மேல் மது கொடுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. கிங்ஸ் கிராஸில் அடிதடி குறைந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அங்கே கூட்டமும் குறைந்தது, கடைகளும் மூடின. ஆளே வராத தெருவில் யார் யாரை அடிப்பது? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை! நுழைவுத் தடையை மையப்பகுதியில் 2020இலும் கிங்ஸ் கிராஸில் 2021இலும் விலக்கிக்கொண்டார்கள். தோழி இந்தப் பாதியைச் சொல்லவில்லை. நேரம் போதவில்லை போலிருக்கிறது.

'பக்கத்து வீட்டில் தூங்குகிறவர் கதி?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரைச்சலில் சுவரைத் துளைத்து வருவது பெரும்பாலும் பாட்டு இல்லை, பாஸ் (bass) எனும் அடித்தொனி, 'டம் டம்' என்கிற அதிர்வு. கட்டில் அதிரும். இதற்கு வழி உண்டு. வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள், முதலாவது சாத்திய பிறகே அடுத்தது திறக்கும். பாஸுக்கு என்று தனி ஒலி வரம்பு. சரி, செலவு யாருடையது? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இலேயே விதி செய்தது: யார் பின்னால் வந்தாரோ அவர் பொறுப்பு. பழைய இசைக்கூடத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடி கட்டினால் ஒலித்தடுப்பு கட்டுநர் செலவு. பழைய குடியிருப்புக்குப் பக்கத்தில் இசைக்கூடம் வந்தால் கூடத்துக்காரர் செலவு. இதற்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஆம்ஸ்டர்டாமில் 'இரவு மேயர்' என்றே ஒருவர் உண்டு. மேயர் என்பது பெயரளவில்தான், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. கடைக்காரர், குடியிருப்போர், நகராட்சி மூவரையும் ஒரே மேசைக்கு இழுத்து வருவதுதான் வேலை. அங்கே 2013 முதல் சில கூடங்களுக்கு 24 மணி நேர உரிமமும் உண்டு. எல்லாரும் ஒரே நிமிடத்தில் தெருவுக்கு வரவேண்டியதில்லை; சலித்தவர் சலித்த நேரத்தில் கிளம்புவார். லண்டன் 2016இல் வெள்ளி, சனி இரவுகளில் சில தடங்களில் விடியவிடிய மெட்ரோ ஓட்டத் தொடங்கியது. அதில் வீடு திரும்புவது ஆடிக் களைத்தவர் மட்டும் இல்லை. பாத்திரம் கழுவி முடித்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிற பெண்ணும்தான். எதிரணியின் பேச்சில் அந்தப் பெண் ஒருமுறைகூட வரவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன்னால் எதிரணியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இருபது கடைகளையும் பூட்டிய பிறகு, வெளியே நிற்கிற அத்தனை பேருக்கும் கழிப்பறை எங்கே?