பெற்றவர்களுக்கு ஒரு நாற்காலி

எல்லாருக்கும் வணக்கமுங்க.

சங்கீத சபாவின் ஆண்டுக் கூட்டத்தில் பேச ஒரு வித்வானைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எனக்குப் பாடத் தெரியாது. என் மகனுக்கு ஆட்டிசம், வயது 17. அவனைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் உங்கள் கச்சேரிக்கு வர வேண்டும், பிள்ளையை வீட்டில் ஒருத்தர் பார்த்துக்கொள்ள அவர்கள் மட்டும் வர வேண்டும், அதற்கு இந்தச் சபா ஒரு வழி செய்ய வேண்டும். நான் கேட்க வந்தது இது ஒன்றுதான்.

எங்களைப் போன்ற வீடுகளில் அம்மாவின் காது எந்நேரமும் காவலுக்கு நிற்கும். வாசல் கேட்டின் கொக்கி சத்தம், குழாயைத் திறந்துவிட்ட சத்தம், மாடிப்படியில் காலடி, அதையெல்லாம்விடப் பயமானது எந்தச் சத்தமும் இல்லாமல் திடீரென்று வீடு அமைதியாகிப் போவது. இந்தப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ராத்திரித் தூக்கம் சரியாக வராது, அப்புறம் பெற்றவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? பிள்ளை தெரபிக்கு உள்ளே போகிற முக்கால் மணி நேரம் நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள் என்பார்கள். கோபியிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் விடிகாலையில் பஸ் ஏறி கோயம்புத்தூர் வந்து, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவின் காது கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதை ஓய்வு என்று சொல்லாதீர்கள்.

சரி, ஒரு கல்யாணத்துக்கு, ஒரு நோம்பிக்குப் போய் வரலாமே என்பீர்கள். நம்ம பக்கத்துச் சீர் சடங்கு எப்படி என்று உங்களுக்கே தெரியும். மண்டபத்துக்குள் கால் வைத்ததும் பெரியம்மா ஒருத்தர், “ஏன் அம்மிணி, பையன் இன்னும் பேசலையா?” என்பார். பாசமாகத்தான் கேட்கிறார். பின்னாலேயே இன்னொருத்தர் வந்து எந்தக் கோயிலில் என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்வார். சாப்பாட்டுப் பந்தி வருவதற்குள் அதே கதையை நான்கு பேரிடம் சொல்லி முடித்து, வந்ததைவிட அசந்து போய்த் திரும்புகிறோம். நம்ம ஊர்க் கும்மியாட்டமான வள்ளிக்கும்மி எனக்கு உயிர், ஆனால் அங்கேயும் சுற்றிலும் சொந்தக்காரர்கள்தான்.

கச்சேரியில் யாரும் எதுவும் கேட்பதில்லை. விளக்கை மங்கலாக்கிவிடுகிறார்கள், எல்லா முகமும் மேடையைப் பார்த்திருக்கிறது. ஒருத்தர் பாட்டுக்கு முன்னால் தோடி ராகத்தை ஆலாபனைக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வார்த்தை இல்லை, தாளக் கட்டும் இல்லை. கீழே நின்று ஒரு ஸ்வரத்தையே சுற்றிச் சுற்றி வந்து, மெதுவாக மேலே ஏறி, இறங்கி, தன் போக்கில் போகிறார். காலையில் எழுந்தது முதல் படம் ஒட்டிய அட்டவணைப்படி, அதே தட்டு, அதே வழி, அதே நேரம் என்று ஓடுகிற எங்களுக்கு, அட்டவணையே இல்லாத அந்த இருபது நிமிஷம் எவ்வளவு பெரியது தெரியுமா? காது வேலை செய்கிறது, ஆனால் ஆபத்தைத் தேடவில்லை. பாட்டு ஆதி தாளத்தில் வந்துவிட்டால் எட்டு எண்ணிக்கை தொடையில் விழுகிறது, மனசு அதைப் பிடித்துக்கொள்கிறது. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கு நீங்கள் காப்பி குடிக்க எழுந்து போகிற நேரத்தில் நாங்கள் வெளியே போய் வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிட்டு வரலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தூக்கம் வந்து தலை சாய்ந்தால் சாயட்டும், அதைவிட நல்ல உபயோகம் அந்த நாற்காலிக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். உங்கள் அரங்கில் பெரிய மனிதர்கள் எல்லாம் தலையை ஆட்டுகிறார்கள், கையை வீசித் தாளம் போடுகிறார்கள், கூடவே முனகுகிறார்கள், நடுவில் ‘ஆஹா’ என்கிறார்கள். பஸ்ஸில் என் மகன் அதைச் செய்தால் மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். உங்கள் மத்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் தோள் தானாகவே தளர்ந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பம் வேண்டாம். இந்த ராகம் கேட்டால் ஆட்டிசம் குணமாகும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதை நம்பாதீர்கள். மூளையும் நரம்பும் வளர்கிற விதத்திலேயே இருக்கிற வேறுபாடு அது, மருந்து போல ராகம் கொடுத்துப் போக்குகிற காய்ச்சல் கிடையாது. சில பிள்ளைகளுக்குச் சங்கீதம் பிடிக்கும், அவர்கள் தாராளமாக வரட்டும். சிலருக்கு மைக்கில் வருகிற மிருதங்க ஒலி தாங்காது, காதைப் பொத்திக்கொள்வார்கள். பிள்ளைக்கு நல்லது என்றால்தான் அம்மா எதையும் செய்யலாம் என்கிற எண்ணத்தை நாம் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். இந்த மாலை பெற்றவர்களுக்கு.

“பிள்ளையை விட்டுட்டுக் கச்சேரியா?” என்ற கேள்வி வரும். லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943-இல் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய பிறகு பல வருஷம், தாய் பாசம் காட்டாததுதான் காரணம் என்று படித்த மருத்துவர்களே சொன்னார்கள். அது தப்பென்று தெரிந்து எவ்வளவோ காலமாகியும் அந்தப் பழி வேறு வேறு வாயில் வந்துகொண்டுதான் இருக்கிறது. நம்ம அவினாசிக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்து மங்கல ஒலி, எதிர் வீட்டில் முதலை கொண்டுபோன மகனை நினைத்து அழுகை. சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் அந்தப் பெற்றோர் அழுகையை அடக்கி, முகம் மலர வந்து கும்பிடுகிறார்கள். முதலை வாயிலிருந்து பிள்ளை திரும்பியதைத்தான் எல்லாரும் சொல்வோம். எனக்கு அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த நேரம்தான் முக்கியமாகப் படுகிறது. அந்த முகத்தோடுதான் எங்களில் பலர் தினமும் வெளியே வருகிறோம்.

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. அதன் கீழ் 1 லட்சம் ரூபாய் வரை நிராமயா மருத்துவக் காப்பீடு உண்டு, பிள்ளையைத் தங்கவைத்துப் பார்த்துக்கொண்டு குடும்பத்துக்கு ஓய்வு கொடுக்க சமர்த் என்றே ஒரு திட்டம் உண்டு. நல்லதுதான், பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலத்துக்கு அதெல்லாம் உதவாது, பக்கத்துத் தெரு ஆள்தான் உதவும்.

அதனால் கேட்கிறேன். கடைசி வரிசையில், கதவோரமாக நான்கு நாற்காலி ஒதுக்கி வையுங்கள், நடுவில் எழுந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். மார்கழிக் கச்சேரி நேரத்தில்தான் அரையாண்டு லீவு, பள்ளிக்கூடமும் இருக்காது, எங்களுக்கு வருஷத்திலேயே கஷ்டமான நாட்கள் அவை, அந்த வாரத்தை முதலில் யோசியுங்கள். பிள்ளையோடு இருக்க ஆள் வேண்டும். கச்சேரியன்று முதல் தடவையாக வந்து நின்றால் நடக்காது, முன்னாலேயே சில தடவை வீட்டுக்கு வந்து பழகி, அவனுக்கு எது பிடிக்கும், எதைத் தொடக் கூடாது என்று கற்றுக்கொண்டவராக இருக்க வேண்டும். கற்றுக்கொடுக்க நானும் இங்கே இருக்கிற சிறப்பாசிரியர்களும் தயார். நம்ம பல்லடம் சஞ்சீவ ராவ் புல்லாங்குழல் கற்றது கண் தெரியாத சரப சாஸ்திரியிடம். சங்கீதக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை என்று நம்பித்தான் இங்கே வந்தேன்.

வாசல் பக்கத்து மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு சாயங்காலம் தர முடிந்தவர்கள் பேரும் ஊரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். கச்சேரிக்கு வர ஆசைப்படுகிற பெற்றவர்கள் அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுங்கள்.